நடுக்கண்ணில் கட்டிய முள்

இதை எழுதவென்று நான் வாங்கிய கொப்பிகள் எல்லாம் என் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளாகிவிட்டன. பேனையை எடுத்தால் நான்காம் கட்டளை வந்து கையைப் பிடிக்கும்: தாய் தந்தையை மதித்து நட. பேனையை வைத்தால் எட்டாம் கட்டளை முன்னால் வந்து நிற்கும்: பொய்ச்சாட்சி சொல்லாதே. இரண்டுக்கும் நடுவில் சமையலும் வேலையும் பிள்ளைகளின் காய்ச்சலும் இருந்தபடியால் வருடங்கள் போனது தெரியவில்லை. நான் அதிகம் படித்தவள் அல்ல. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனியும் பொறுக்க என்னால் முடியாது.

போன மாதம் ஒரு திருமுழுக்கு விருந்தில், அந்தக் காலத்தில் பிறந்தேயிராத ஒரு பெடியன், கையில் ரோல்ஸை வைத்துக்கொண்டு மேசையைச் சிரிக்க வைத்தான். "பலெர்மோவிலை முந்தி ஒரு மாப்பிள்ளை இருந்தவராம். வெறியிலை தூண்டிலைச் சுழட்டி, பொம்பிளையின்ரை தமையனையே பிடிச்சுக் கரையிலை போட்டவராம்!" எல்லாரும் சிரித்தார்கள். திருநாளில் மீன் பிடிக்கப் போனதற்கு மாதா கொடுத்த தண்டனை என்று ஒரு அக்கா முடித்துவைத்தார். மாதாவுக்கு வேறு வேலை இல்லையா? அந்த மாப்பிள்ளை என் மாமா. நான் அன்று அந்தக் கடற்கரைக் கல்லில் நின்றவள். நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில், கீழே சந்தைக்காரர் கத்துவது கட்டில்வரை கேட்கும் ஒரு வீட்டில் இருந்தோம். அப்பா மன்னாரில் கடற்தொழில் செய்தவர். பலெர்மோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் உடுப்பு மினுக்கினார். அம்மாவின் தம்பி, என் மாமா, சமையலறைக்கு ஒட்டிய சின்ன அறையில் இருந்தார். அவரை இங்கே எடுப்பித்தது அப்பா. வேலை பிடித்துக் கொடுத்ததும், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும்வரை குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் அவரோடு கால்கடுக்க நின்றதும் அப்பாதான். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் கதையை மாற்றியவள் ஆவேன். ஞாயிறுகளில் தமிழ்ப் பூசைக்கு முன்னால் செபமாலை சொல்லிக் கொடுப்பதும் அப்பா. அவர் குரலுக்குச் சனம் வாயை மூடும்.

மாமா வீட்டுவேலை செய்த கிழட்டுச் சிஞ்ஞோராவின் புருஷன், கனடாவில் பல காலம் இருந்துவிட்டு வந்து இறந்தவர். அங்கே ஏரிகளில் மஸ்கி என்று ஒரு பெரிய மீன் உண்டாம். அதைப் பிடிக்க அவர் வைத்திருந்த தூண்டில் கோலையும் ஒரு பெட்டியையும் சிஞ்ஞோரா மாமாவிடம் கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் மரத்தில் செய்த மீன்கள். அதில் ஒன்று என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளம், சுருட்டைப் போல உருண்டை, முதுகு பச்சை, வயிறு வெள்ளை. அது தண்ணீருக்குள் போகாது. மேலேயே மிதக்கும். கோலின் நுனியைச் சுண்டச் சுண்ட, காயப்பட்ட மீன் போல இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டு வரும். கீழே இருக்கும் பெரிய மீனுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. ஏறி வந்து அடிக்கும்.

மரமீனின் வயிற்றில் இரண்டு, வாலில் ஒன்று என மூன்று இரும்புக் கண்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மூமுள் தொங்கியது. ஒரே தண்டில் மூன்று பக்கமும் வளைந்த தூண்டிலை நாங்கள் அப்படித்தான் சொன்னோம். எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. மாமா கடையில் பல அளவில் புதிய மூமுட்களை வாங்கி வந்து மேசையில் பரப்பினார். பெட்டிகளில் இருந்ததை வாசித்துச் சொல்வது என் வேலை, ஏனென்றால் வீட்டில் இத்தாலியனை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பது நான் ஒருத்திதான். ஆறு, நாலு, இரண்டு, ஒன்று என்று இலக்கம் குறையக் குறைய முள் பெருத்தது. ஒன்றைத் தாண்டியதும் பக்கத்தில் ஒரு பூச்சியம் ஒட்டிக்கொள்ள, இலக்கம் திரும்ப ஏறியது. முள்ளோ பெருத்துக்கொண்டே போனது.

"இப்பிடி ஒரு கணக்கு எங்கடை மாயெஸ்த்ரா படிப்பிக்கேல்லை, மாமா."

"உன்ரை மாயெஸ்த்ராவுக்கு மீன் சந்தையிலைதான் பிடிபடும், பிள்ளை. அவவுக்கு ஏன் உந்தக் கணக்கு?"

எங்கள் குளியல் தொட்டி பரீட்சை மண்டபமானது. முதலில் மிகப் பெரியவற்றை மாட்டினார். மரமீன் முதுகுக் கோடு மட்டும் தெரியக் கனத்துக் கிடந்தது. "இது மீனில்லை, நீர்மூழ்கிக் கப்பல்" என்றார். பிறகு சின்னவற்றை மாட்டினார். மரமீன் வாத்துக் குஞ்சு போல உயர்ந்து மிதந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மாமா சின்ன முள் ஒன்றைக் குறட்டால் பிடித்து இழுத்துக் காட்டினார். ஊசி போல நிமிர்ந்துவிட்டது. "செர்ரா ஒரு உலுக்கு உலுக்கினால் இதுதான் நடக்கும்." செர்ரா என்பது குளிர் தொடங்கும் நேரம் பலெர்மோக் கரைக்கு வரும் பல்லுக்கார மீன். இரையை வால்பக்கமாகக் கடிப்பது அதன் பழக்கம். ஆகவே வாலில் முள் இல்லாமல் சரிவராது.

கடைசியில் நடுத்தர அளவு ஒன்று சரியாக வந்தது. உடம்பில் பாதி தண்ணீருக்கு மேலே, பாதி கீழே. வாலில் ஒரு அளவு பெரியதைப் போட்டார், மூக்கு மேலே நிற்கட்டும் என்று. முள்ளின் வாய் மரத்தின் வயிற்றைவிட அகலமாக இருக்கிறதா, ஆடும்போது முதுகுக்கு மேலால் வந்து கொளுவுமா என்றெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று கண்ணிலும் மாட்டினால் பக்கத்து முட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. நடுவில் இருந்ததைக் கழற்றியதும் மரமீன் சுதந்திரமாக ஆடியது.

"ரெண்டு காணும்" என்றார் மாமா.

அப்பா அன்று வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே அதைக் கையில் எடுத்தார். "என்ன மச்சான், மூண்டு கண் இருக்கு. ஒண்டை வெறுமையா விட்டிட்டாய்?"

"நடுவிலை வேண்டாம், அத்தான். ரெண்டிலையும் மீன் மாட்டும். மூண்டாவது சும்மா ஆடிக்கொண்டு நிக்கும். அது மீனைப் பிடிக்காது, கழட்டப் போற ஆளைத்தான் பிடிக்கும்."

"வெறுங்கண்ணோடை ஆரும் கடலுக்குப் போறதே?"

அப்பாவின் தொழிலில் ஒரு நீளக் கயிறு, அதில் வரிசையாக எத்தனையோ கிளைநூல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தூண்டில். தூண்டில் அறுந்துபோன கிளைநூலோடு வள்ளத்தைத் தள்ள மாட்டார்கள். வெறும் நூல் வள்ளத்தில் உள்ள ஒருவரின் உயிரைக் கேட்கும் என்பது அவர்கள் பயம். இருட்டில் கை நடுங்க நடுங்க என்றாலும் ஒரு முள்ளைக் கட்டிவிட்டுத்தான் புறப்படுவார்கள். அப்பாவுக்கு அது இரத்தத்தில் ஊறியது. மாமா சிரித்துவிட்டு மரமீனைச் சுவரில் கொளுவினார். அப்பா சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமாவுக்குக் கலியாணம் பேசினார்கள். பேசியதும் அப்பாதான், பெண் அப்பாவின் சொந்தத்தில். பெண் மன்னாரில் இருந்தார். அவருடைய படம் மாமாவின் பெர்மெஸ்ஸோ வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. படத்தை எடுத்துப் பார்க்க ஒரு சாட்டு வேண்டும் என்பதற்காகவே மாமா அடிக்கடி பெர்மெஸ்ஸோவின் திகதியைச் சரிபார்ப்பார். பெண்ணின் தமையன் சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்தில் வேலை செய்தார். தகப்பன் இல்லாத வீடு. அந்தத் தமையனின் வாய்ச்சொல்தான் முடிவு. அமலோற்பவ மாதா திருநாளுக்குப் பூசைக்கு வந்து, எங்களோடு சாப்பிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்வதாக ஏற்பாடு. மாமா மீன் பிடிப்பார் என்று கேள்விப்பட்டு அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "மாப்பிள்ளை பிடிக்கிற மீனைத் திண்டு பாத்திட்டுத்தான் சொல்லுவன்."

திருநாள் காலையில் மாமா பாண் வாங்கக் கீழே போனார். அம்மா சமையலறையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அப்பா மரமீனைச் சுவரிலிருந்து எடுத்தார். பெட்டியைக் கிளறி, குளியல் தொட்டியில் தோற்றுப்போன பெரிய மூமுட்களில் ஒன்றை எடுத்து, தங்கூசி நூலை மடித்து மடித்து நடுக்கண்ணில் வரிந்து கட்டினார். முள்ளை மாட்டுகிற வளையம் போடவில்லை. கடலில் கட்டுகிற கட்டு, பல்லால் இழுத்து இறுக்கி முடித்த கட்டு. பிறகு மரமீனின் மேல் சிலுவை அடையாளம் போட்டார்.

"மாமாட்டைச் சொல்லாதை, என்ன? கலியாணக் காரியத்துக்குப் போற பொருள். வெறுங்கண்ணோடை போகக்கூடாது."

சிலுவை போட்டதைப் பார்த்து நான் நல்ல காரியம் என்று நினைத்தேன். என் தலைமயிரைப் பிடித்திருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பின்னியது.

பூசை முடிந்து எல்லாரும் பஸ் எடுத்து அரெனெல்லாக் கடற்கரைப் பக்கம் போனோம். தமையன் புதுச் சேட்டுப் போட்டிருந்தார். வெங்காயமும் நெத்தலியும் போட்ட தடித்த ரொட்டியைக் கடதாசியில் சுற்றி எல்லாருக்கும் வாங்கித் தந்தார். நல்ல மனுசன் என்றுதான் அன்று காலை நினைத்தேன். மாமா அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, மரமீனைத் திருப்பிப் பார்க்காமல் நூலில் கொளுவி, கற்களின் விளிம்பில் நின்று முதல் தடவை வீசினார். மரமீன் ஆடவில்லை. மூக்கால் தண்ணீரை உழுதுகொண்டு நேரே வந்தது.

தமையன் தொடையில் தட்டிச் சிரித்தார். "என்ன தம்பி, உம்மடை மீன் குடிச்சிட்டு வருகுது போல!"

இந்த ஒரு பகிடியைக் கவனித்து வையுங்கள். மீன் குடித்தது என்று அவர் சொன்னார். அடுத்த உயிர்ப்புத் திருநாள் வருவதற்குள் குடித்தவர் மாமா ஆகிவிட்டார். என் மாமா அன்று குடித்தது தேத்தண்ணி. அம்மா ஊற்றியது. நான் கொண்டுபோய்க் கொடுத்தது.

மாமா நூலைச் சுற்றி மரமீனைத் தூக்கிப் பார்த்தார். நடுக்கண்ணை விரலால் தொட்டார். பின்பக்கப் பையிலிருந்து குறட்டை எடுத்து நூலில் வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து பின்னால் பார்த்தார். உயரமான ஒரு கல்லில் அப்பா, திருநாள் கோட்டோடு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தைக் கடலுக்குக் காட்டியபடி நின்றார். கோப்பை கழுவும் அப்பாவை நான் அப்படி நெஞ்சு நிமிர்த்தி நின்று ஒருநாளும் கண்டதில்லை. மாமா குறட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வீசினார்.

தண்ணீர் வெடித்தது. செர்ரா மரமீனின் வாலைக் கவ்விக்கொண்டு காற்றில் எழும்பியது. அம்மா "யேசுவே" என்றார். தமையன் சின்னப் பிள்ளை போலத் துள்ளினார். மாமா கோலை வளைத்து, விட்டு இழுத்து, மீனைக் கல்லுக்கு மேல் ஏற்றினார். வால்முள் மட்டும் அதன் வாயில் இருந்தது. மற்றவை ஆடிக்கொண்டிருந்தன.

"தொடாதேங்கோ அண்ணை! தொடாதேங்கோ!" என்று மாமா கத்தினார்.

கத்தினார். அந்தக் கல்லில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பக்கத்துக் கல்லில் தூண்டில் போட்டிருந்த இத்தாலியக் கிழவரே தமிழ் தெரியாமல் திரும்பிப் பார்த்தார். ஆனால் தமையனுக்கு, மாப்பிள்ளை சொல்லி நான் கேட்பதா என்றிருந்ததோ, சந்தோசத்தில் காது அடைத்ததோ, பாய்ந்து மீனின் கழுத்தைப் பிடித்தார். மீன் உதறியது. நடுக்கண்ணில் தொங்கிய பெரிய மூமுள் அவருடைய பெருவிரல் அடியில் ஏறியது. ஒரு பக்கம் மீன், மறுபக்கம் மனுசன். மீன் உதற உதற அவர் அலறினார். மாமா மீனை முழங்காலால் அமத்தி, குறட்டை எடுத்து, அப்பாவின் கட்டை வெட்டினார். கொஞ்சம் முன்னால் வைத்த அதே இடத்தில்தான் வைத்தார்.

ஆசுப்பத்திரியில் முள்ளை வெட்டி எடுத்தார்கள். ஆனால் கை வீங்கிப் பழுத்தது. மண்டரின் ஆயத் தொடங்குகிற நேரம், கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாத கையோடு அந்த மனுசன் வீட்டில் இருந்தார். அது கஷ்டம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்த மீனை அம்மா சட்டியில் போடவில்லை. கீழ்வீட்டு இத்தாலியக் குடும்பத்துக்குக் கொடுத்தார். மிக நன்றாக இருந்ததென்று அவர்கள் தட்டைக் கழுவித் திருப்பித் தந்தார்கள்.

கிறிஸ்மசுக்குக் கொஞ்சம் முன்னால் தமையன் பங்குச் சனத்தில் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டுப்போட்ட கையை மேசையின் மேல் எடுத்து வைத்தார்.

"மூண்டாவது முள்ளு கழட்டிற ஆளைத்தான் பிடிக்கும் எண்டு நீரே சொன்னனீராம். கோயில் முழுக்கக் கதை. சொன்னனீரோ, இல்லையோ?"

"ஓம், சொன்னனான்" என்றார் மாமா.

"பிறகேன் கட்டினனீர்?"

அந்தக் கதையைக் கோயிலில் பகிடியாகச் சொல்லித் திரிந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அப்பாதான். "வெறுங்கண்ணோடை மீன் பிடிக்கப் போறானாம் என்ரை மச்சான்" என்று சொல்லிச் சிரித்தவர். இப்போது அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செபமாலையின் மணிகள் அவர் விரலுக்குள் ஓடின. வாய் அசையவில்லை. அப்பா இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்தேன். பிறகு நானே சொல்லிவிட்டேன்.

"மாமா கட்டேல்லை. அப்பாதான் கட்டினவர். நான் கண்டனான். அம்மாவும் கண்டவ."

வந்த பெரியவர்கள் இருவரும் அப்பா பக்கம் திரும்பினார்கள்.

முதலில் சிரித்தவர் மாமா. "சின்னப்பிள்ளை, அண்ணை. கனவைக் கண்டிட்டுக் கதைக்குது. நான்தான் கட்டினனான். கனக்க மீன் வரட்டும் எண்ட ஆசையிலை."

"பொய்!" என்று கத்தினேன். "மாமா பொய் சொல்லுறார்!"

அம்மா என் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் விட்டார். அவருடைய கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். பொய் சொன்னவர் மேசையில் இருந்தார், பேசாமல் இருந்தவரும் மேசையில் இருந்தார், உண்மை சொன்னவள் முழந்தாளில் இருந்தாள். "மாதாவே, இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். சிவப்பு மின்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. வெளியே தமையனின் குரல் கேட்டது: "தெரிஞ்சுகொண்டு கட்டினவனை என்னெண்டு நம்பி என்ரை தங்கச்சியைக் குடுக்கிறது?" கதிரைகள் இழுபட்டன. கதவு சாத்தப்பட்டது. "தொடாதேங்கோ" என்று மாமா கத்தியதைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தத் தமையனும் கதைக்கவில்லை. அவர் கை ஆறியது. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை.

பெண்ணின் படம் உறையிலிருந்து போய்விட்டது. மரமீன் பெட்டியை மாமா சிஞ்ஞோராவிடம் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் வடக்கே வேலை கிடைத்துப் போனார். கனகாலம் கழித்து வேறு ஒருவரைக் கலியாணம் செய்து நன்றாகத்தான் இருக்கிறார். அது ஆண்டவரின் இரக்கம். அதற்காகப் பொய் உண்மையாகிவிடுமா? அவர் போகும்போது ரயில் நிலையத்தில் என் தலையைத் தடவினார். நான் தலையை இழுத்துக்கொண்டேன். அவருக்காகச் சாட்சி சொன்ன என்னை ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆக்கியவர் அல்லவா!

அப்பா அந்தக் கிறிஸ்மசிலிருந்து செபமாலைக்கு முன்னால் நிற்கவில்லை. தொண்டை சரியில்லை என்றார். அந்தத் தொண்டை சாகும்வரை சரிவரவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த அன்று மாமா வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. சனம் கலைந்த பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்ற என் பக்கத்தில் வந்து துடைக்கத் தொடங்கினார். வந்தவர்களில் யாரோ அன்றும் அந்தப் பழைய பகிடியை எடுத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அண்டைக்குக் கல்லிலை நிண்டு குறட்டை எடுத்தனீங்கள். நூலிலை வைச்சும் பாத்தீங்கள். ஏன் வெட்டேல்லை?"

அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர், பிள்ளை."

சின்ன வயதில் நான் நினைத்தது, மாமாவுக்கு யார் கட்டினது என்று தெரியாது, அதனால்தான் எனக்கு எதிராகப் பேசினார் என்று. பிறகு, தெரிந்தும் பயத்தில் மறைத்தார் என்று நினைத்தேன். இரண்டும் பிழை. அந்தக் கட்டைத் தொட்டவுடன் அது யாருடைய பல் இறுக்கியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கல்லில் நின்றே தெரியும். அப்பாவைத் தலைகுனிய விடுவதில்லை என்று மேசையில் அவர் சொன்ன பொய்யை, அந்தக் குறட்டைப் பைக்குள் வைத்தபோதே சொல்லி முடித்துவிட்டார். அம்மாவின் கை ஏன் நடுங்கியது என்பதும் எனக்கு அந்தக் கோப்பைகளுக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் தம்பி.

அப்பா, ஆண்டவர் உங்களுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தரட்டும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கட்டவில்லை, அது எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும், அதுதான்.

இதை வாசிக்கிறவர்களை நான் கைகூப்பிக் கேட்பது ஒன்றுதான். விருந்திலோ கோயில் முற்றத்திலோ அந்தப் பகிடியை யாராவது எடுத்தால், இதைச் சொல்லுங்கள். மாமா குடித்திருக்கவில்லை. முன்னால் ஒன்றும் வாலில் ஒன்றுமாக அவர் போட்டது இரண்டு. நடுக்கண்ணில் கட்டியது என் அப்பா. தொடாதேங்கோ என்று மாமா கத்தினார். இதை இப்படியே சொல்லுங்கள். ஒரு முள்ளைக் கூட்டவும் வேண்டாம், ஒரு முள்ளைக் குறைக்கவும் வேண்டாம்.